முன்னபின்ன ஆகும்

வேல்கனி உள்ளே போனபோது மணி பத்து பத்து. கதவு சாத்தியதும் எமல்டா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஊசி போட்டால் நேரம், குழந்தை பிறந்தால் நேரம், காய்ச்சல் பார்த்தால் நேரம் என்று இருபது வருஷமாக எழுதிப் பழகின கை, தானாகவே திரும்பிக் காட்டிவிடுகிறது. பதினோராம் நம்பர் அறை. வெளியே சுவரோரமாக ஒரு நீள இரும்பு பெஞ்சு, அதில் ஏழு பேர், எட்டாவதாக அவள். கிராம சுகாதார நர்சு எமல்டா இன்று நர்சாக வரவில்லை. லீவு போட்டுவிட்டு, ஒரு சாதாரணப் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, நோயாளியோடு கூட வந்தவளாக டவுன் பெரியாஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். சீட்டு வாங்கும் வரிசையில் நின்றபோது காவலாளி ஒருவன், "ஏம்மா, கோட்டுக்கு அங்கிட்டு நில்லு" என்று அதட்டினான். அவளும் தள்ளி நின்றாள். ஊருக்குள் அவள் வண்டிச் சத்தம் கேட்டாலே நாற்காலி எடுத்துப் போடுவார்கள். இங்கே பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது, யாரும் தன்னை எதுவும் கேட்கப்போவதில்லை என்கிற நிம்மதி. அது ஐந்து நிமிஷம் நிற்கவில்லை. உள்ளே போகிறவர்கள் எல்லாரும் நாலு நிமிஷத்தில் திரும்பி வந்துவிடுகிறார்கள் என்பதை அவள் கவனித்து வைத்திருந்தாள். வேல்கனிக்கு முன்னால் போன தடித்த பெண் நாலு நிமிஷம். அதற்கு முன்னால் போன கர்ப்பிணி மூன்று. இப்போது பத்து பதினேழு.

ஏழு நிமிஷத்தில் என்னென்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும், தெரிந்திருப்பதுதான் தொல்லை. எத்தனை நாளாக என்று கேட்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை துணி என்று கேட்பார்கள். மேஜையில் ஏறிப் படுக்கச் சொல்வார்கள், காலை மடக்கச் சொல்வார்கள், கூச்சத்தில் முழங்கால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், "விட்டுக் குடும்மா" என்று யாராவது தட்டுவார்கள். விளக்கைத் திருப்புவார்கள். குளிர்ந்த இரும்பு. பிறகு பஞ்சில் நனைத்து கர்ப்பப்பையின் வாயில் ஒரு திரவத்தைத் தடவிவிட்டு ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள். ஊறுகாய்ப் புளிப்பு மாதிரி ஒரு வாடை வரும். தடவின இடம் வெள்ளையாக மாறினால் சந்தேகம், மாறாவிட்டால் பயமில்லை. எத்தனையோ பெண்களை எமல்டா இந்தச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறாள், கூட நின்று கையைப் பிடித்திருக்கிறாள், அந்த ஒரு நிமிஷத்தில் சுவரில் ஊரும் பல்லியைப் பார்த்திருக்கிறாள், மத்தியானச் சாப்பாட்டை நினைத்திருக்கிறாள். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த நிமிஷத்தை அவள் இதுவரை எண்ணினதில்லை. வெள்ளையாக மாறினால்? மாறாது. இருபத்துமூன்று வயசு, ஒரே ஒரு பிரசவம், மாறாது. ஆனால் மாறினால்? மாறினால் ஐந்து மாசம் தாமதம். அந்த ஐந்து மாசத்துக்கும் ஒரு வாக்கியம் இருக்கிறது, அதைச் சொன்னவள் இந்த பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. முன்னபின்ன ஆகும் என்றாள். முன்னபின்ன ஆகத்தானே செய்தது. இரண்டு நாளாக அந்தச் சொல் பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி கிடக்கிறது, நாக்கு போய்ப் போய் அதையே தொடுகிறது.

தை மாசம், பொங்கல் முடிந்த மறு வாரம். துணை சுகாதார நிலையத்தில் அன்று தடுப்பூசி நாளும் கர்ப்பிணிகள் நாளும் ஒன்றாக விழுந்துவிட்டன. கைக்குழந்தைகள் எல்லாம் ஒரே குரலில் அழுதுகொண்டிருந்தன. வரிசையின் கடைசியில் இடுப்பில் பிள்ளையோடு வேல்கனி நின்றாள். உப்பளத்தில் வேலை பார்க்கிறவள், அதிகாலையில் போய் உப்பு வாரிப்போட்டுவிட்டுக் குளித்து வந்திருந்தாள், ஆனாலும் கால்விரல் இடுக்குகளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. "பிள்ளைக்கு ஒண்ணரை வயசாவுது சிஸ்டர், அடுத்தது இப்பம் வேண்டாம். மாத்திரைன்னா எனக்கு மறந்து போகும்" என்றாள். நல்லது, மூணு மாச ஊசி போட்டுக்கோ என்றாள் எமல்டா. ரத்த அழுத்தம் பார்த்தாள். படிவத்தில் இருந்த கேள்விகளைக் கேட்டாள்: தலைவலி உண்டா, மஞ்சள் காமாலை வந்ததா, மார்பில் கட்டி இருக்கிறதா, கடைசியாகத் தூரமாகிக் குளித்தது எப்போது. வேல்கனி இல்லை, இல்லை, இல்லை, போன திங்கக்கிழமை என்றாள். உன் அம்மாவுக்கு என்ன ஆச்சு என்கிற கேள்வி படிவத்தில் இல்லை. இருந்திருந்தால் கேட்டிருப்பாள். படிவத்தில் இருக்கிற எதையும் எமல்டா விட்டதில்லை. "இதுனால ஒண்ணும் ஆவாதுல்லா சிஸ்டர்?" "ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் முன்னபின்ன ஆகும், அவ்வளவுதான்." சொல்லிக்கொண்டே ஊசியை உறிஞ்சினாள். அடுத்த பெண் ஏற்கெனவே ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள். "நீங்க இந்த மாதிரி ஏதும் போட்டிருக்கியளா சிஸ்டர்?" என்று வேல்கனி கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. எல்லாரும் கேட்கிற கேள்வி, எல்லாருக்கும் அவள் வைத்திருக்கிற பதில்: "நான் காப்பர்-டி போட்டு எட்டு வருஷம் வச்சிருந்தேன். ஒரு தொந்தரவும் கிடையாது." இரண்டு நிமிஷம். அதிகம் போனால் இரண்டரை. அந்த இரண்டரை நிமிஷத்தில் எமல்டாவுக்கு முன்னபின்ன என்றால் நாள்கணக்கில் சொட்டுவதும், திடீரென்று கொட்டுவதும், பிறகு மாசக்கணக்கில் வராமலே நின்றுபோவதும். பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள், அவளும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். வேல்கனிக்கு முன்னபின்ன என்றால் இருபத்தெட்டாம் நாள் வருவது முப்பதாம் நாள் வரும், அவ்வளவுதான். ஒரே சொல்லை இரண்டு பேரும் ஆளுக்கொரு சாமானாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

பக்கத்தில் இருந்த பெண் பையிலிருந்து பன் எடுத்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். துகள்கள் எமல்டாவின் சேலையில் விழுந்தன. "உள்ள இருக்கது உங்க மவளா?" என்றாள். இல்லை என்று எமல்டா தலையாட்டினாள். "மருமவளா?" "இல்லம்மா. எங்க ஏரியாப் பொண்ணு." "ரத்தமே இல்லாம வெளுத்துப் போயி இருக்கே. என்ன செய்யுது?" எமல்டா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஊசி போட்டதில் இருந்து ரத்தப்போக்கு என்று சொல்லலாம். யார் போட்டது என்று அடுத்த கேள்வி வரும். "உடம்பு சரியில்லை" என்றாள். அந்தப் பெண் புரிந்த மாதிரி தலையை அசைத்துவிட்டு, "எனக்கும் அப்படித்தான். என்னன்னு கேட்டா ஒண்ணும் இல்லங்காவ, ஒண்ணும் இல்லாமலா மனுசன் இந்தப் பாடு படுவான்" என்று பன்னின் மீதியைக் காகிதத்தில் சுற்றினாள். பத்து இருபத்தாறு. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக் என்றது. அந்த டக்குக்கு நடுவில் எமல்டாவுக்கு மாசி மாசத்து ஃபோன் கேட்டது. அளத்தில் நின்று பேசினாள் போல, காற்று உய் என்று இரைந்தது. "சிஸ்டர், நான் வேல்கனி. ஊசி போட்டதுல இருந்து நிக்கவே மாட்டேங்கு." எமல்டா அப்போது ஒரு குழந்தையின் தொடையில் ஊசியைக் குத்தி வைத்துக்கொண்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கியிருந்தாள். "அது அப்படித்தாம்மா இருக்கும். போகப் போகச் சரியாயிரும்." "எவ்வளவு நாளு சிஸ்டர்?" "சரியாயிரும்மா. பயப்படாத." பிறகு "சரி சிஸ்டர்." முந்தாநாள் செவ்வாய்க்கிழமை, வேல்கனி வீட்டிலிருந்து திரும்பின பிறகு, எமல்டா ஃபோனில் பழைய அழைப்புகளைத் தேடினாள். அவ்வளவு பழையது அழிந்துவிட்டிருந்தது. இருந்திருந்தால் எத்தனை விநாடி பேசினோம் என்று தெரிந்திருக்கும். முக்கால் நிமிஷம் இருக்கும். ஒரு பெண் அளத்துக்கு நடுவில், வேலைக்காரர்கள் காதில் விழாத தூரம் நடந்துபோய், உப்புக் காற்றில் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சொல்லக் கூசுகிற விஷயத்தைச் சொன்னதற்குக் கிடைத்தது முக்கால் நிமிஷம்.

அதற்குப் பிறகு வேல்கனி கூப்பிடவில்லை. கூப்பிடாதவர்கள் சரியாகிவிட்டவர்கள் என்பது எமல்டாவின் கணக்கு, எல்லா நர்சுமார்களின் கணக்கும் அதுதான். சித்திரையில் இரண்டாவது ஊசிக்கு நாள் வந்தது, ஆள் வரவில்லை. எமல்டா ஃபோன் செய்தாள். வேல்கனியின் புருஷன் உச்சிமாகாளி எடுத்தான். உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிறவன், பேசுவதை எண்ணிப் பேசுவான். "அவளுக்கு வேண்டாமாம்" என்றான். பதிவேட்டில் நிறுத்தியதற்கான காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. 'விருப்பமில்லை' என்று எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு. அந்தப் பக்கத்தில் மட்டும் பதினொரு விருப்பமில்லை, ஒன்றுக்குக் கீழே ஒன்று, பார்த்தால் கோலப்புள்ளி மாதிரி. போன மாசக் கூட்டத்தில் புதிதாக வந்த டாக்டர் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பதினொரு பேருக்கும் ஒரே மாதிரியா விருப்பம் இல்லாம போச்சு?" என்று கேட்டார். கோபமாகக்கூட கேட்கவில்லை. ஒவ்வொருத்தரையும் வீட்டில் போய்ப் பாருங்கள், அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். எமல்டா வழி முழுக்க முணுமுணுத்தாள். ஆறாயிரம் பேருக்கு ஒரு நர்சு, இதில் வார்த்தை வேறு எழுத வேண்டுமாம். வேல்கனி வீட்டுக்கு அவள் இரக்கப்பட்டுப் போகவில்லை. அந்தத் தெரு பக்கம், அதனால் முதலில் போனாள். இதை யாரிடமும் சொல்ல முடியாது. மீதிப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அதில் ஒருத்தி கட்டட வேலைக்கு கேரளா போய்விட்டாள் என்று கேள்வி. அவள் எந்த ஊரில், எந்தத் தகரக் கொட்டகையில், எதை என்னவென்று நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறாளோ. பத்து முப்பத்தொன்று.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரை மணி வெயில். வேல்கனி சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, உதடு காகிதமாக இருந்தது. எமல்டா கேட்ட எதற்கும் நேரான பதில் இல்லை. ஊசி ஏன் வேண்டாம்? சும்மாதான். ரத்தம் நின்றதா? நிக்கும், வரும். வீட்டில் யாராவது வேண்டாம் என்றார்களா? இல்லை. எமல்டா பேனாவை வைத்துக்கொண்டு கட்டத்தை நிரப்ப ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அப்போது பக்கத்து வாசலில் இருந்து பிள்ளை தளர்நடை போட்டு வந்தது. வேல்கனி கையை நீட்டினாள். பிள்ளை ஓரடி வந்து, நின்று, அழுதுகொண்டு திரும்பிப் போய்விட்டது. பக்கத்து வீடு சொர்ணத்தின் வீடு. சொர்ணம் உச்சிமாகாளிக்கு அக்கா, கல்யாணமாகி ஒன்பது வருஷமாகக் குழந்தை கிடையாது. பிள்ளை போய் அவள் காலைக் கட்டிக்கொண்டது. ஏதாவது பேச வேண்டுமே என்று எமல்டா சிரித்துக்கொண்டே, "பிள்ளைக்கு அத்தைகிட்டதான் ஒட்டுதலோ?" என்றாள். "நான்தான் பழக்குதேன் சிஸ்டர்" என்றாள் வேல்கனி. சாதாரணமாக, அரிசி களைந்துவிட்டேன் என்கிற மாதிரி. "நாலு மாசமா மைனிதான் சோறு ஊட்டுதாவ. தூங்குறதும் அங்கதான். மொதல்ல ரொம்ப அழுதா. இப்பம் அழ மாட்டா." "எதுக்கு?" "நாளைக்கு நான் இல்லாம போனா பிள்ள ஏங்கக் கூடாதுல்லா." எமல்டாவுக்கு அது முதலில் விளங்கவேயில்லை. எங்காவது வேலைக்கு வெளியூர் போகிறாளா என்று நினைத்தாள். அப்படியே கேட்டும்விட்டாள். வேல்கனி அவள் முகத்தைப் பார்த்து, நர்சம்மாவுக்குத் தெரியாதா என்பது போல, "எங்கம்மைக்கும் இப்படித்தான் தொடங்குச்சு" என்றாள்.

அம்மைக்குத் தொடங்கினபோது வேல்கனிக்குப் பதினாலு வயசு. தூரம் நிற்கவில்லை. அம்மை யாரிடமும் சொல்லவில்லை, வெட்கம். வாடை வந்த பிறகுதான் வீட்டில் தெரிந்தது. கர்ப்பப்பையில் புற்று, முற்றிவிட்டது என்றார்கள். ஏழு மாசம். கடைசி இரண்டு மாசம் அம்மை இருந்த அறைக்குள் வேல்கனியும் தம்பியும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள், மூக்கைப் பொத்தினதற்காக அம்மை ஒரு நாள் அழுதாள். இதையெல்லாம் வேல்கனி ஒரே சீராகச் சொன்னாள், நடு நடுவில் ஈயை விரட்டினாள். ஊசிக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. ஊசி பிள்ளை வராமல் இருக்க, இது அம்மை கொடுத்துவிட்டுப் போனது. ஃபோனில் கேட்டபோது அது அப்படித்தான் இருக்கும் என்றாள் சிஸ்டர். சிஸ்டருக்கும் தெரிந்திருக்கிறது, சொல்ல மனசு வராமல் பயப்படாதே என்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள். அம்மையிடமும் எல்லாரும் அப்படித்தானே சொன்னார்கள், சரியாயிரும் என்று. "எத்தனை நாளு இருக்கும்னு கேட்டேன், நீங்க சொல்லல. அதுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு." புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் வைத்தியம் பார்க்கிறேன் என்று இருக்கிறதையெல்லாம் விற்பான், அப்பா விற்ற மாதிரி. அவன் பக்கத்தில் வந்தால் விலகிப் போனாள், அவன் கோபித்துக்கொண்டு பேசுவதை நிறுத்தினான், அதுவும் நல்லதுதான் என்று விட்டுவிட்டாள். அளத்தில் துணி மாற்ற மறைவு கிடையாது. உப்புத்தண்ணீரில் நின்று நின்று தொடை இடுக்கெல்லாம் புண். இரண்டு தடவை பாத்தி வரப்பில் மயங்கி உட்கார்ந்திருக்கிறாள், வெயில் என்று சொல்லிச் சமாளித்தாள். இத்தனைக்கும் நடுவில் தினம் மூன்று வேளை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் மைனி மடியில் வைத்துவிட்டு, பிள்ளை அழுதால் காதில் விழாத தூரத்துக்குப் போய் நின்றிருக்கிறாள். எமல்டா பேனாவை மூடினாள். அந்தக் கட்டம் ஒரு அங்குல அகலம். அதில் எதை எழுத?

கதவு திறந்தது. வேல்கனி என்று நினைத்து எமல்டா எழுந்தேவிட்டாள். ஆயாம்மா தலையை மட்டும் நீட்டி, "வேல்கனி கூட வந்தது யாரு?" என்றாள். "நான்தான்." "இந்தச் சீட்ட எடுத்துட்டுப் போயி ஸ்கேன் ரூம்ல பதிஞ்சுட்டு வா. ரத்தமும் எடுத்திருக்கு, ரிசல்ட்டு வாங்கிட்டு வந்துரு." "டாக்டர் என்ன சொல்றாங்க?" "அதெல்லாம் டாக்டர்தான் சொல்லுவாவ." கதவு மூடிக்கொண்டது. ஸ்கேன். அப்படியென்றால் எதையோ பார்த்திருக்கிறார்கள். இல்லை, எல்லாருக்கும்தான் எழுதுவார்கள். எல்லாருக்கும் எழுதுவதில்லை, தடித்த பெண்ணுக்கு எழுதவில்லையே. கால்கள் நடந்தன. தாழ்வாரத்தில் ஃபினாயில் தெளித்திருந்தார்கள், ஈரத்தில் செருப்பு வழுக்கியது. ஸ்கேன் அறை வாசலில் பதிகிற பெண், நிமிராமலேயே, "உக்காருங்க, கூப்பிடுவோம்" என்றாள். எவ்வளவு நேரம் ஆகும் என்று எமல்டா கேட்டாள். "ஆகும்" என்றாள் அவள். எமல்டாவுக்குக் கோபம் வந்தது. நேரத்தைச் சொன்னால் என்ன, அரை மணியா ஒரு மணியா, அரை மணி என்றால் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன், சொல்லாவிட்டால் எதை வைத்து உட்காருவது. கோபம் பாதியில் தன் பக்கமே திரும்பிக்கொண்டது. போய் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் அளவான குடும்பத்தின் படம், அப்பா, அம்மா, ஒரு பிள்ளை, மூன்று பேரும் பல் தெரிய. இந்தப் படத்தின் கீழே எத்தனை வருஷம் பேசியிருக்கிறாள்.

காலையில் பஸ்ஸில் வரும்போது அவள் வேல்கனியிடம் ஒன்றைச் சொன்னாள். சொல்ல வேண்டும் என்று வீட்டில் தீர்மானித்து வைத்ததில்லை, பஸ் பாலத்தில் ஏறும்போது வாயிலிருந்து வந்துவிட்டது. "நான் எட்டு வருஷம் காப்பர்-டி வச்சிருந்தேன்னு உங்கிட்ட சொன்னேன்ல. எட்டு வருஷம் இல்லை. ஏழு மாசம்." ஏழு மாசமும் கொட்டித் தீர்த்தது, இடுப்பு கழன்றுவிடுகிற மாதிரி வலித்தது. கூடப் படித்தவள் ஒருத்தி வேறு ஜில்லாவில் இருந்தாள், கல்யாணத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவளிடம் போய் எடுத்துவிட்டு வந்தாள். தன் ஏரியாவில் எடுத்தால் தெரிந்துவிடும், நர்சே எடுத்துவிட்டாள் என்றால் யார் போட்டுக்கொள்வார்கள். அப்போதுகூட, தனக்கு மட்டும் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் அவள் வெட்கப்பட்டாள். வேல்கனி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "பொறவு ஏன் அன்னைக்கு அப்படிச் சொன்னிய?" என்றாள். கண்டக்டர் வந்து சில்லறை கேட்டான், அதைத் தேடுகிற சாக்கில் எமல்டா பைக்குள் குனிந்துகொண்டாள். வேல்கனி திரும்பவும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். "வேல்கனி! வேல்கனி யாரு?" என்று ஸ்கேன் அறைக்காரி கூப்பிட்டாள். பதினோராம் அறையிலிருந்து அவளை அழைத்து வந்து உள்ளே விட்டாள் எமல்டா. கையைப் பிடித்தபோது ஜில்லென்றிருந்தது. வேல்கனியின் முகத்தில் பயம் எதுவும் தெரியவில்லை. பயப்படுவதையெல்லாம் முன்னாலேயே பயந்து முடித்துவிட்டவளின் முகம் அது.

டாக்டர் ஷகிலா பானு படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். ஐம்பது வயசுக்காரர், குரல் கரகரத்தது. வேல்கனி ஸ்டூலில், எமல்டா பின்னால் நின்றுகொண்டு. "இங்க பாரும்மா வேல்கனி. கர்ப்பப்பை வாய் சுத்தமா இருக்கு, நான் கண்ணால பார்த்தேன். ஸ்கேன்லயும் கட்டி கிட்டி எதுவும் இல்லை. உங்கம்மாவுக்கு வந்தது உனக்கு இல்லை. இது ஊசியால வந்த ரத்தப்போக்கு. சிலபேருக்கு இப்படி ஆகும், ஊசி வேகம் போனாலும் சில மாசம் இழுக்கும், அப்புறம் நின்னுரும். ஆனா ரத்த அளவு பன்னெண்டு இருக்க வேண்டியது ஏழு புள்ளி எட்டுதான் இருக்கு, அதுக்குத்தான் இப்ப மருந்து. புரிஞ்சுதா? நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு." வேல்கனி மெல்லச் சொன்னாள்: "ஊசிதான். அம்மைக்கு வந்தது இல்ல." "ம்." டாக்டர் எழுதிக்கொண்டே எமல்டாவை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரு?" "இவங்க ஏரியா நர்சு, டாக்டர்." "ஊசி நீங்கதான் போட்டீங்களா?" "ஆமா." "போடும்போது என்ன சொன்னீங்க?" "முன்னபின்ன ஆகும்னு சொன்னேன்." "அப்படின்னா?" டாக்டர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "மொத மாசமே வந்திருந்தா ஒரு வாரத்து மாத்திரையில அடங்கியிருக்கும். ரெண்டு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. நீங்களே வாங்க" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அடுத்த பெண் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டாள்.

மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும், வேப்பமரத்தடியில் இருந்த சிமெண்டுத் திண்டில் வேல்கனி உட்கார்ந்துகொண்டாள். சந்தோஷப்படுவாள் என்று எமல்டா எதிர்பார்த்திருந்தாள். அழுதாலும் பிடித்துக்கொள்ளலாம் என்று பக்கத்திலேயே நின்றாள். வேல்கனி மருந்துக் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணுமில்லையாம்" என்றாள். "ஆமா." "அன்னைக்கே ஊசிதான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அது எத்தன மாசம் போனாலும் போயிட்டுப் போவுதுன்னு இருந்திருப்பேன் சிஸ்டர்." குரலில் குற்றச்சாட்டுகூட இல்லை, கணக்கு சொல்கிற மாதிரி இருந்தது. எமல்டா, "நான் சொல்லியிருக்கணும்" என்றாள். வேல்கனி ஆம்புலன்ஸ் ஒன்று பின்னால் போய்த் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்க போனக் கொஞ்சம் தாங்க" என்று வாங்கி, எண்களை மனசிலிருந்து அழுத்தினாள். "மைனி, நாந்தான். பார்த்துட்டாவ. ஒண்ணுமில்லன்னுட்டாவ. ஆமா மைனி, ஊசிதானாம்." காலையில் கிளம்பும்போதுதான் விஷயம் தெரிந்துகொண்ட சொர்ணம் மறுமுனையில் கடவுளையெல்லாம் பேர் சொல்லி அழைத்தது எமல்டாவுக்கே கேட்டது. வேல்கனி அதை முழுக்கக் கேட்டு முடித்தாள். "பிள்ளைக்குச் சோறு ஊட்டிட்டியளா?" "இல்ல, இனிமதான்." "ஊட்டாதீங்க மைனி. நான் வந்து ஊட்டுதேன்." பிள்ளை எதையோ தரையில் தட்டுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு சொர்ணத்தின் குரல், முன்னைவிட மெலிந்து, "உங் கையால திங்க மாட்டாளே வேலு. துப்புவா." "துப்பட்டும்" என்றாள் வேல்கனி. திரும்பவும் தட்டுகிற சத்தம். "சரி. பருப்பு கடைஞ்சு வச்சிருக்கேன், காரம் போடல. வந்து ஊட்டு." வேல்கனி ஃபோனை முந்தானையில் துடைத்து எமல்டாவிடம் நீட்டினாள். "பஸ் எத்தன மணிக்கு சிஸ்டர்?" "பன்னெண்டே காலுக்கு ஒண்ணு இருக்கு. அவசரமில்ல, உனக்குத் தலை சுத்தும், கொஞ்சம் உக்காந்துட்டு அடுத்ததுல போவோம்." "அடுத்ததுன்னா பிள்ள பசி தாங்காது" என்று வேல்கனி திண்டைப் பிடித்து எழுந்து நின்றாள். "வாங்க, நடங்க."